ஏரி மதகில் எண்ணிய ஏழு நாள்

எனக்கு எண்பத்து நாலு வயது. பெற்றது நாலு, என் நாத்தனார் இறந்த பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேரும் இன்றைக்கு அவரவர் காலில் நிற்கிறார்கள். என் படிப்பு மூன்றாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அதற்கு மேல் எழுத்து எனக்கு வசப்படவில்லை. ஆனால் இந்த உத்திரமேரூர் வட்டாரத்தில் எந்த ஊருக்கு எந்தப் பக்கமாகப் பஸ் வரவேண்டும் என்று சனங்களிடம் கேட்டு, அதை அதிகாரிகள் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். பதினோரு வருஷம் செய்தேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற பெண்பிள்ளைகளே, நீங்களும் ரோட்டைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் ஊர் ஊராகப் போய்க் கேட்கப்போகிறீர்கள். எதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். அதில் நான் வாய் வைக்கமாட்டேன். நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். என் பதினோரு வருஷத்தில் அதைவிடப் பெரிதாக நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் கடைசி. அப்போது நான் எங்கள் ஊர் மாதர் சங்கத்துக்குக் கன்வீனர். தடுப்பூசி போட வந்தால் தாய்மார்களைக் கூட்டுவது, பால்வாடிக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்குவது, இதெல்லாம் என் வேலை. எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பெரிய ஏரிக்கு அந்தப் பக்கம். உத்திரமேரூருக்கு நாலு மைல். ஏரிக்கரை மேலேயே நடந்து போய்க் கூட்டு ரோட்டைப் பிடிக்கவேண்டும். கார்த்திகையில் ஏரி நிரம்பி நிற்கும்போது கரையில் நடந்தால் இரண்டு பக்கமும் காற்று சேலையைப் பிடித்து இழுக்கும். இப்போது நினைத்தாலும் அந்தக் காற்று மேலே படுகிற மாதிரி இருக்கிறது.

அந்த வருஷம் அரசாங்கத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். மாநிலம் முழுக்க எந்த ரோட்டைப் போடுவது, எந்தப் பக்கம் பஸ் விடுவது என்பதைச் சனங்களைக் கேட்டே முடிவு செய்வது என்று. எங்கள் பக்கத்துக்குப் புதிதாக ஒரே ஒரு டவுன் பஸ்தான். அது மெயின் ரோட்டிலேயே நேராகப் போகலாம், அல்லது வண்டிப்பாதையில் திரும்பி எங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போகலாம். எந்தப் பக்கம் ஆள் அதிகம் நடக்கிறார்களோ அந்தப் பக்கம்.

கணக்கெடுக்க இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு மேலே ஒரு அதிகாரி. ஐம்பது வயது இருக்கும். வெயில் இல்லாவிட்டாலும் குடையை விடமாட்டார். நிற்கும்போது இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றிக்கொண்டு நிற்பார். கூட்டு ரோட்டுப் புளிய மரத்தடியில் மேசை போட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தது நான்.

முதலில் வந்தது ஒரு மாட்டுவண்டி. உள்ளே நாலைந்து பெண்கள், பூ, பழம், வெற்றிலைத் தட்டு. எங்கேயோ பெண் பார்க்கப் போகிறார்கள் என்று குருடனுக்கும் தெரியும். கணக்கெடுப்பவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பெரியவரே, எங்க போறீங்க?"

வண்டி ஓட்டிய பெரியவர் கத்தவில்லை. மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார்.

"கேட்டுட்டியா நைனா?"

"ஃபாரத்துல இருக்கு பெரியவரே. கேட்டு எழுதினாத்தான் பஸ் வரும்."

"பஸ்ஸு வரும். எம் பையனுக்குப் பொண்ணு வருமா? உன் வூட்ல பொண்ணு இருந்தா குடுக்கிறியா?"

உள்ளேயிருந்து ஒரு அம்மாள் குரல் வந்தது. "அவங்கிட்ட இன்னாய்யா பேச்சு. வண்டியத் திருப்பு. வூட்டுக்குப் போய்த் தண்ணி குடிச்சிட்டு குந்திட்டு அப்பறமா கெளம்பலாம்."

வண்டி திரும்பிப் போனது. அதற்குப் பிறகு வந்த இரண்டு பேர் மேசையைத் தூரத்தில் பார்த்ததுமே வரப்பில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள். விஷயம் ஊருக்குள் போய்விட்டது. பகல் வரைக்கும் ஃபாரத்தில் நிரம்பியது மூன்று ஆள். அதில் ஒருவர் காது கேட்காதவர்.

எனக்கு அடக்க முடியவில்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அதிகாரி பார்த்துவிட்டார்.

"ஏம்மா சிரிக்கிறே?"

"பொறப்பட்டவங்களப் பாத்து எங்கன்னு கேட்டா போற காரியம் ஆவுமா சார்? உங்க ஊர்ல கேப்பாங்களா?"

"எங்க ஊர்லயும் கேக்க மாட்டாங்க" என்றார். ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத அச்சடிச்சவன் ஊர்ல கேப்பாங்க போல."

அந்த வார்த்தையில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. "வூட்டுக்கு வூடு நான் கேட்டுக் குடுக்கறேன் சார். எங்கிட்ட சொல்லாம இருக்கமாட்டாங்க" என்றேன். கன்வீனர் அல்லவா, அந்த மிதப்பு. மிதப்பில் ஒத்துக்கொண்ட வேலைதான் என் தப்பில் போய் முடிந்தது.

ஃபாரத்தில் எனக்காகக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் ஆண்கள் எத்தனை பேர் வெளியே போகிறார்கள், பெண்கள் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை நாள். நான் கேட்டு, பென்சிலால் கட்டத்தில் கோடு இழுக்கவேண்டும். ஆண்கள் கட்டம் சட்டென்று நிரம்பியது. பெண்கள் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் மாமியார்தான் முதலில் வாயைத் திறப்பாள்.

"எம் மருமவ வாசல் தாண்டி எங்க போவப் போறா? நாங்க இன்னா அப்பிடியாப்பட்ட குடும்பமா?"

மருமகள் பின்னால் நின்று, "நான் எங்கக்கா போறேன்" என்பாள்.

எனக்குத் தெரியாதா? அந்த வீட்டு மருமகள் திங்கட்கிழமை சந்தைக்கு முட்டை எடுத்துக்கொண்டு போவாள். இந்த வீட்டுக்காரி தறிக்குப் பாவு நூல் வாங்க மாசம் இரண்டு தடவை காஞ்சிபுரம் போகிறவள். எல்லாம் தெரியும். இருந்தாலும் கட்டத்தில் ஒன்றுமில்லை என்று முட்டை போட்டேன். அவர்கள் வாயால் சொன்னதைத்தான் எழுதவேண்டும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொல்கிறேன், எனக்குள்ளேயும் ஒரு கௌரவம் இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் அடக்கமானவர்கள் என்று கவர்மென்ட் காகிதத்தில் ஏறட்டுமே என்று நினைத்தேன். நாற்பத்தொரு வீட்டுக்கும் அப்படியே போட்டேன்.

அதில் ஒரு வீட்டில் முட்டை போடும்போது மட்டும் என் கை நின்றது. அங்கேயும் மாமியார்தான் பதில் சொன்னாள். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது, கையில் ஒரு பெண் குழந்தை. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு தடுப்பூசிக் காரியமாக நான் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே நெஞ்சில் டி.பி. வந்தவர்கள் ஊசி போட உட்காருகிற பெஞ்சில் இவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓரமாக வந்தாள்.

"அக்கா, புல்லறுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். செவ்வாயும் வெள்ளியும் ஊசி. எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்ன எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடும். கொயந்தய எங்கிட்டக் குடுக்காது."

"அப்பிடியே நடந்தா வரே? நாலு மைலு?"

"போவும்போது நடந்துடறேங்க்கா. வரும்போதுதான், புல்லுக்கட்ட வெச்சிக்கினு நடக்க முடியல. நடுவுல வுட்டுட்டா மறுபடியும் மொதல்லேருந்து வரும்னு நர்ஸம்மா சொல்றாங்க."

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வீட்டுக்கும் முட்டை போட்டேன்.

பத்து நாள் கழித்து ஒன்றிய ஆபீசில் கூட்டம். எல்லா ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். ஆபீஸ் கிளார்க் ஒவ்வோர் ஊராகப் படித்தார். எங்கள் ஊர் வந்ததும், "ஆண்கள், பெரும்பாலும் சைக்கிள். பெண்கள் பயணம், இல்லை" என்றார். ஆகவே பஸ் மெயின் ரோட்டிலேயே போகும் என்றும் படித்தார்.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் எழுந்து நின்று கத்தினார். மெயின் ரோட்டு ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

"ஏம்பா, பொம்பளைங்க வூட்டுல கீறாங்க. ஆம்பளைங்க சைக்கிள்ல கீறாங்க. உங்க ஊருக்கு பஸ்ஸு இன்னாத்துக்கு, கோயிக்குஞ்சு ஏத்தறதுக்கா?"

சபையே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. குடை மேல் கையை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இதக் கேட்டு எழுதினது நீதானே? சரியா?"

பெண்பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் வாயில் இரண்டு பேச்சு நின்றது. ஒன்று, சரிதான் சார் என்பது. என் பேர் கெடாது; பஸ் போய்விடும். இன்னொன்று, சரியில்லை சார், இன்ன வீட்டு மருமகள் வாரத்தில் இரண்டு நாள் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்கு நடக்கிறாள் என்பது. அதைச் சொன்னால் அந்தச் சபையில் ஒருத்தரும் சிரித்திருக்கமாட்டார்கள். பஸ்ஸும் எங்கள் பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் அவள் மாமனார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எழுந்து நின்றேன்.

"தப்பு சார். நான் எழுதினது தப்பு."

"பொய்யா எழுதினியா?"

"சொன்னதத்தான் எழுதினேன். கேட்ட எடம் தப்பு சார். மாமியாரப் பக்கத்துல வெச்சிக்கினு மருமவளக் கேட்டேன். எந்த மருமவளும் நான் வெளிய போறேன்னு சொல்லமாட்டா."

"எழுத்து தெரியாதவகிட்டக் குடுத்தா இப்படித்தான்" என்று யாரோ சொன்னார்கள். தலைவரே என்னைக் காப்பாற்றவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். என் வாழ்நாளில் அவ்வளவு பேர் முன்னால் நான் தலைகுனிந்தது அந்த ஒரு நாள்தான்.

அதிகாரி கேட்டார், "சரி, எப்படிக் கேட்டா சரியா வரும்?"

"கேக்கவே வாணாம் சார். போறவங்கள வுட்டுடலாம். திரும்பி வரவங்கள எண்ணலாம். வண்டிப்பாத ரொம்ப சுத்து, எங்க ஊருக்கு நடந்து யார் வந்தாலும் ஏரி மதகு மேலதான் கால் வெச்சாவணும்."

"காகிதம் பட்டணத்துக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கு. ஏழு நாள் எண்ணு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். மதகுக்குப் பக்கத்தில் ஒரு பனை மரம். அதன் நிழலில், வருகிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன். நாலு பேருக்கு நாலு கோடு, ஐந்தாவது ஆளுக்குக் குறுக்கே ஒன்று. ஞாயிறு, திங்கள் நன்றாகப் போயிற்று. பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். "எங்க மாமியாகிட்ட சொல்லிடாதக்கா, அரிசி மூட்டை எண்ணறேன்னு சொல்லு" என்றாள் ஒருத்தி.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெண் ஊர்ப் பக்கமிருந்து அரிவாளும் கயிறுமாக வந்தாள். கரை மேல் ஏறினவள் என்னையும் என் மடியில் இருந்த காகிதத்தையும் பார்த்தாள். அப்படியே நின்றாள். நான் தலையை அசைத்தேன், வா என்று. அவள் திரும்பி ஊருக்குள் போய்விட்டாள்.

பகல் முழுக்க எதிர்பார்த்தேன். வரவில்லை. பஸ்ஸுக்காகக் கோடு போட உட்கார்ந்த நான், அவள் ஊசிக்குக் குறுக்கே உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் அந்தக் காகிதம் மடியில் நெருப்பு மாதிரி இருந்தது.

அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமா? போனால் மாமியார் எதற்கு வந்தாய் என்பாள். மதகை விட்டுவிட்டு வந்துவிடலாமா? விட்டால் கணக்குப் போயிற்று, பஸ் போயிற்று, அவள் வருஷம் முழுக்க நடக்கவேண்டும்.

மறுநாள் காலை தண்ணீர் இழுக்கிற கிணற்றடிக்குப் போனேன். பத்துப் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். அவளும் குடத்தோடு ஓரமாக நின்றாள். நான் எல்லோருக்கும் பொதுவாகச் சத்தமாகச் சொன்னேன்.

"இந்தாங்கடி, இன்னியிலேருந்து நான் ஏரியப் பாத்துக்கினுதான் குந்தியிருப்பேன். யார் மூஞ்சியும் எனக்கு வாணாம். தலைய மட்டும் எண்ணச் சொல்லிகீறாங்க."

"மூஞ்சியப் பாக்காம தலைய எப்பிடிக்கா எண்ணுவ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"காதால எண்ணுவேன்."

"அக்காவுக்கு எண்ணி எண்ணிப் புத்தி பேஜாராப் போச்சு" என்று சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மதகின் மேல் ஒரு கருங்கல் பலகை உண்டு. கல்யாணமான பெண் அதில் கால் வைத்தால் மெட்டி 'டிக்'கென்று கேட்கும். ஆண்கள் கால் கேட்கிற விதம் வேறு, செருப்பு வேறு, சைக்கிள் வேறு. மெட்டி இல்லாதவர்கள்தான் கஷ்டம். அவர்களை நடையை வைத்துப் பிரித்தேன். நடக்கிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி கோடு போட்டேன். நீர்க்கோழி எத்தனை முங்கி எழுந்தது என்றுகூட அந்த நாட்களில் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை கொஞ்சம் ஏறின பிறகு ஊர்ப் பக்கமிருந்து ஒரு மெட்டிச் சத்தம் வந்தது. கல்லுக்குக் கிட்டே வந்து நின்றது. ரொம்ப நேரம் நின்றது. நான் திரும்பவில்லை. பிறகு டிக், டிக் என்று கடந்து போனது.

பகல் சாய்ந்து அதிகாரி வந்தார். வந்தவர் என் கோலத்தைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார்.

"என்னம்மா இது? எண்ணச் சொன்னா வேடிக்கை பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே?"

"எண்ணிக்கினுதான் கீறேன் சார். இங்க நின்னு நீங்களும் கேளுங்க."

மெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கடந்து போன நாலு பேரை அவர் கண்ணால் பார்க்க, நான் காதால் சொன்னேன். சரியாக இருந்தது.

"மெட்டி போடாதவங்க விட்டுப்போவாங்களே?"

"வுட்டுப்போனது இருக்கும் சார். கூடுதலா எண்ணினது இருக்காது."

"சரி, ஏன் இப்படி? நேரா பாத்து எண்ணினா என்ன?"

நான் பதில் சொல்வதற்குள் கூட்டு ரோட்டுப் பக்கம் கரை மேல் அவள் வந்தாள். தலையில் புல்கட்டு. பத்தடி நடந்து நின்று, மறுபடி பத்தடி. கிட்டே வரும்போது இருமல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். குடையோடு நிற்கிற வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்ததும் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அதிகாரி ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"சார்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு குடையைத் தூக்கி இடம் மாற்றி ஊன்றினார். அவரும் ஏரியைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டார். இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகுக்குப் பின்னால் டிக், டிக் என்று இரண்டு சத்தம். புல் வாசனை. பிறகு மண்ணில் கால் தேய்கிற சத்தம் தூரமாகப் போனது.

கோடு போட்டேன்.

அவர், "ஃபாரத்துல எங்கே போனாங்க, எதுக்குப் போனாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு" என்றார்.

"அது எனக்குத் தெரியாது சார்."

"எனக்கும் தெரியாதுன்னு எழுதிடறேன்" என்றார். "மேல கேப்பாங்க. கேட்டா கேக்கட்டும். எத்தனை பேர் நடக்கறாங்கன்னு தெரிஞ்சா பஸ் விடலாம். அதுக்கு மேல தெரிஞ்சிக்கறதெல்லாம் நம்ம ஆசை."

அப்படியே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினார். அதற்காக அவரை மேலே கூப்பிட்டுக் கேட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எந்த ஊரில் கணக்கெடுத்தாலும் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். மேசையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். திரும்பி வருகிற வழியில் ஒரு ஆள், அவ்வளவுதான்.

பஸ் சீக்கிரம் வந்துவிடவில்லை. காகிதம் போய், வண்டிப்பாதைக்கு மண்ணும் கல்லும் கொட்டி, ஒரு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. அவளுக்கு ஊசி எல்லாம் அதற்குள் முடிந்துவிட்டது. அத்தனை ஊசிக்கும் அவள் நடந்துதான் போய் வந்தாள். இதை நான் மறைக்கமாட்டேன். நாம் கேட்டு வாங்குகிறது பல நேரம் கேட்டவர்களுக்குக் கிடைப்பதில்லை, அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குத்தான் கிடைக்கிறது. தெரிந்துகொண்டு வேலைக்கு வாருங்கள்.

முதல் நாள் பஸ் வந்து நின்றபோது ஊரே கூடியிருந்தது. டிரைவருக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அந்தப் பெண் நல்ல சேலை கட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். உடம்பு தேறியிருந்தது. அவள் மாமியார் நாலடி தள்ளி நின்றிருந்தாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே எனக்குப் போய்விட்டது.

படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி நின்றாள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போறேன். நெஞ்சு போட்டோ கடைசியா ஒருவாட்டி எடுக்கச் சொல்லிகீறாங்க. எல்லாம் சரியாப்பூச்சாம்."

எல்லோர் காதிலும் விழுகிற மாதிரித்தான் சொன்னாள். மாமியார் அவள் முகத்தைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு வந்து இடுப்பிலிருந்த குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். குழந்தையைத் தரமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் அவள் சொன்னது எனக்கு நினைவு வந்தது. "வெயில்ல கொயந்தய எதுக்கு இட்டுக்கினு போறே. நீ போயிட்டு வா" என்றாள் அந்தக் கிழவி. "சீக்கிரம் வா. ஒல வெச்சிடறேன்."

இவ்வளவுதான். இதைச் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதியிருக்கிறாள். கண்ணு, இத மொதல்லேருந்து ஒருவாட்டி எனக்குப் படிச்சுக் காட்டு. மெதுவாப் படி. அந்தப் பொண்ணு பேரு எங்கயாவது வாய் தவறி வந்திருந்தா, அங்க நிறுத்து, அடிச்சிடலாம். அன்னிக்கு அவ சொன்னது அவ இஷ்டம்; அவ பேர நாம சொல்லணும்னு அவ நம்மள கேக்கல.